வேறு மாநிலத்தவர் மருத்துவக் கஞ்சாப் பரிந்துரை பெறுவது எப்படி? அமெரிக்கச் சட்டங்களுக்கு ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் குடியிருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குப் போகும்போது, அங்கே மருத்துவக் கஞ்சாவுக்கான மருத்துவர் பரிந்துரையைப் பெற முடியுமா, சொந்த மாநிலத்தில் ஏற்கெனவே பெற்ற பரிந்துரை அங்கே செல்லுமா என்ற கேள்விகளுக்கு ஒரே விடை கிடையாது. ஓட்டுநர் உரிமத்தை ஒரு மாநிலம் கொடுத்தால் மற்ற மாநிலங்களும் ஏற்கின்றன. மருத்துவர் பரிந்துரையின் பேரில் மாநிலம் தரும் மருத்துவக் கஞ்சா அட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் அந்த மாநில எல்லையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த விஷயத்தில் மூன்று இடங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: நோயாளி எங்கே குடியிருக்கிறார், பரிந்துரைக்கும் மருத்துவர் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவர், கஞ்சா எந்த மாநிலத்தில் வாங்கப்படுகிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் கையில் இருக்கும் காகிதத்துக்கு மதிப்பில்லை.

முதலில், வழக்கமான மருந்துச் சீட்டு எழுதாமல் மருத்துவர் ஏன் பரிந்துரை மட்டும் தருகிறார் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் மற்ற எல்லாச் சிக்கல்களும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. 1970-ஆம் ஆண்டின் மத்தியக் கட்டுப்பாட்டுப் பொருள்கள் சட்டம், ஹெராயினை வைத்த அதே முதல் பட்டியலில் கஞ்சாவையும் வைத்தது. அந்தப் பட்டியலில் உள்ள பொருளுக்கு எந்த மருத்துவரும் மருந்துச் சீட்டு எழுத முடியாது. எந்த மருந்துக் கடையும் விற்க முடியாது. 1996 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் 215-ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, மருத்துவர் வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சா வைத்திருப்பதும் வளர்ப்பதும் மாநிலச் சட்டப்படி குற்றமாகாது என்று ஏற்பாடு செய்தார்கள். சில வாரங்களுக்குள், கட்டுப்பாட்டு மருந்துகளை எழுதத் தேவையான மத்தியப் பதிவை, அப்படிப் பரிந்துரைக்கும் மருத்துவர்களிடமிருந்து பறிப்போம் என்று கிளின்டன் அரசின் போதைப்பொருள் கட்டுப்பாட்டுத் தலைவர் பாரி மெக்காஃப்ரி தரப்பு எச்சரித்தது. சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்துவந்த மார்கஸ் கோனன்ட் என்ற மருத்துவர் உள்ளிட்டோர் நீதிமன்றம் போனார்கள். மருத்துவர் தன் நோயாளியிடம் "உங்களுக்குக் கஞ்சா உதவலாம்" என்று சொல்வது பேச்சுரிமைக்குள் அடங்கும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. மத்திய அரசின் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்க 2003-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இந்தப் பின்னணி தெரிந்தால் பரிந்துரை என்பது என்ன என்பது விளங்கும். அது மருந்துக்கான ஆணை அன்று. ஒரு மருத்துவரின் கருத்து. அந்தக் கருத்துக்குச் சட்டப் பலன் தருவது குறிப்பிட்ட மாநிலத்தின் சட்டம் மட்டுமே. 2005-இல் கொன்சாலஸ் எதிர் ரைச் வழக்கில், மாநிலத்துக்குள்ளேயே வளர்த்து மாநிலத்துக்குள்ளேயே பயன்படுத்தும் கஞ்சாவைக்கூட மத்திய அரசு தடை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், மாநில எல்லையைத் தாண்டிய நோயாளிக்கு மத்தியச் சட்டத்தில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாமல் போயிற்று. மாறாக, மத்திய உணவு மருந்து நிர்வாகம் ஏற்றுக்கொண்ட ட்ரோனபினால் மாத்திரையோ, அரிய வகை வலிப்பு நோய்களுக்காக 2018-இல் அனுமதி பெற்ற எபிடயோலெக்ஸ் திரவமோ கஞ்சாவோடு தொடர்புடைய மருந்துகளாக இருந்தும், சாதாரண மருந்துச் சீட்டில் எந்த மாநிலத்திலும் வாங்கக்கூடியவை. அடிக்கடி மாநிலம் மாறிப் பயணம் செய்யும் நோயாளி, பரிந்துரையைத் தேடி அலைவதற்கு முன்னால் இந்த வழியைத் தன் மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

இன்னொரு முன்கேள்வியும் உண்டு: பரிந்துரை உண்மையில் தேவைதானா? 2023 இறுதிக்குள் 24 மாநிலங்கள் 21 வயது நிறைந்தவர்கள் மருத்துவக் காரணம் காட்டாமலேயே கஞ்சா வைத்திருக்க அனுமதித்திருந்தன. அவற்றில் பொது விற்பனை தொடங்கிய மாநிலங்களின் கடைகளில் வெளிமாநிலத்தவரும் வயதைக் காட்டும் அடையாள அட்டை இருந்தால் வாங்கலாம். அத்தகைய மாநிலத்துக்குச் சில நாள்கள் போய்வரும் 40 வயதுக்காரர் மருத்துவரைத் தேடிக் கட்டணம் கட்டுவதில் பெரிய பயன் இல்லை. பரிந்துரை அவசியமாவது 21 வயதுக்குக் குறைந்த நோயாளிகளுக்கும், மருத்துவப் பயன்பாட்டை மட்டும் அனுமதிக்கும் மாநிலங்களுக்குப் போகிறவர்களுக்கும், அதிக அளவு தேவைப்படுகிறவர்களுக்கும்தான். வரிச் சலுகைக்காக என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் கலிபோர்னியாவில் விற்பனை வரி விலக்கு வேண்டுமானால் மருத்துவரின் கடிதம் போதாது. குடியிருக்கும் மாவட்டத்தின் சுகாதாரத் துறை வழங்கும் அட்டை வேண்டும், அதற்கு அந்த மாவட்டத்தில் குடியிருப்பதற்கான சான்று வேண்டும். வெளிமாநிலத்தவர் அங்கேயே தடைபட்டு நின்றுவிடுகிறார்.

இனி மாநிலங்கள் வெளியாரை எப்படி நடத்துகின்றன என்று பார்க்கலாம். பெரும்பாலான மாநிலங்களின் நிலை எளிமையானது: அட்டை குடியிருப்பவர்களுக்கு மட்டுமே. பென்சில்வேனியா அப்படி, கொலராடோவின் மருத்துவப் பதிவேடும் அப்படி. டெக்ஸாஸின் திட்டமும் அந்த மாநிலத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே உரியது. இந்த நிபந்தனையின் கனத்தை 2013-க்குப் பின் அமெரிக்கா கண்ணெதிரே பார்த்தது. ட்ராவெட் நோய்க்குறியால் ஓயாமல் வலிப்பு வந்துகொண்டிருந்த சார்லட் ஃபிகி என்ற கொலராடோச் சிறுமிக்குக் கஞ்சா எண்ணெய் உதவியது என்ற செய்தி தொலைக்காட்சியில் வந்ததும், பிற மாநிலங்களில் இருந்த வலிப்புக் குழந்தைகளின் பெற்றோர்கள் வேலையையும் வீட்டையும் விட்டுக் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வாரக் கடைசியில் போய் ஒரு பரிந்துரை வாங்கி வருவதற்குச் சட்டத்தில் வழி இருந்திருந்தால், வாங்கியதை ஊருக்கு எடுத்துவரவும் முடிந்திருந்தால், அந்தக் குடும்பங்கள் பெட்டி கட்டியிருக்க மாட்டா.

சில மாநிலங்கள் வெளிமாநில அட்டையைப் பார்த்து ஏற்கின்றன. நெவாடா, மெய்ன் போன்றவை இவ்வகையின. இங்கே புதிய பரிந்துரை எதுவும் பெற வேண்டியதில்லை. சொந்த மாநிலத்தின் செல்லுபடியாகும் அட்டையும் புகைப்பட அடையாளமும் இருந்தால் போதும். இன்னும் சில மாநிலங்கள் வெளிமாநில அட்டையை நேரடியாக ஏற்காமல், அதைச் சான்றாக வைத்துத் தற்காலிக உரிமம் ஒன்றைத் தருகின்றன. ஓக்லஹோமா வாக்காளர்கள் 2018 ஜூனில் நிறைவேற்றிய '788-ஆம் வினா' என்ற முன்மொழிவு இப்படியொரு ஏற்பாட்டைச் செய்தது. கட்டணம் 100 டாலர். ஆர்கன்சாவும் வருகை நோயாளிகளுக்கு 50 டாலர் கட்டணத்தில் தற்காலிக அனுமதி தருகிறது. இரண்டிலும் பொதுவான செய்தி ஒன்றுண்டு: சொந்த மாநிலத்தில் அட்டை இல்லாதவருக்கு இந்த வழி திறக்காது. ஆக, மருத்துவக் கஞ்சாவே அனுமதிக்கப்படாத ஐடஹோவில் குடியிருப்பவர், நோய் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், காட்டுவதற்கு அட்டை இன்றி வெளியே நிற்கிறார். உதவி யாருக்கு மிகவும் தேவையோ அவரைத்தான் இந்த ஏற்பாடு விட்டுவிடுகிறது என்பது என் குறை.

தற்காலிக உரிமத்தின் நடைமுறைக்கு ஹவாயை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதன் முறை ஓரளவு தெளிவானது. அங்கே நோயாளி அட்டையை மக்கள் '329 அட்டை' என்றே சொல்கிறார்கள். கட்டுப்பாட்டுப் பொருள்களைப் பற்றிய சட்டம் மாநிலச் சட்டத்தொகுப்பின் 329-ஆம் அத்தியாயத்தில் இருப்பதால் வந்த பெயர். 2019 முதல் வெளிமாநில நோயாளிகளும் இணையவழியில் இதற்கு விண்ணப்பிக்கலாம். சொந்த மாநில அரசு வழங்கிய நோயாளி அட்டையின் படத்தையும், அதே மாநிலத்தின் அடையாள அட்டையின் படத்தையும் ஏற்றி, 49.50 டாலர் கட்டினால், ஒப்புதல் கிடைத்தபின் மின்னணு அட்டை வந்துசேரும். அது 60 நாள்களுக்குச் செல்லும். ஓராண்டில் இரண்டு முறை பெறலாம். ஹவாயில் எந்த மருத்துவரையும் பார்க்கத் தேவையில்லை. பயணத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், விமானம் இறங்கிய பின் செய்துகொள்ளலாம் என்று விடாமல் முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது. கலிபோர்னியாவிலிருந்து வருகிறவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான். அவர்களில் பலரிடம் இருப்பது மருத்துவர் கொடுத்த கடிதம் மட்டுமே. ஹவாய் கேட்பதோ அரசு வழங்கிய அட்டை. சொந்த ஊரில் கடைக்காரர் கேள்வி கேட்காமல் ஏற்ற கடிதம், கடல் தாண்டியதும் விண்ணப்பத்தில் இணைக்கக்கூடத் தகுதியற்றதாகிவிடுகிறது.

எதிர்த் திசையிலும் அதே தடை இருக்கிறது. கலிபோர்னியாச் சட்டம் பரிந்துரைக்கும் மருத்துவர் அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அரிசோனா மருத்துவரின் சான்று அங்கே மருத்துவப் பரிந்துரையாகக் கணக்கில் வராது. 18 முதல் 20 வயதுக்குள் இருக்கும் வெளிமாநில நோயாளிக்கு இது உண்மையிலேயே சங்கடம்.

புளோரிடாவின் வழி வேறு. அந்த மாநிலம் வெளிமாநில அட்டை எதையும் ஏற்பதில்லை. ஆனால் பருவகாலக் குடியிருப்பாளர் என்ற ஒரு வகையை அதன் சட்டமே வரையறுத்திருக்கிறது. வடக்கின் குளிரிலிருந்து தப்ப ஒவ்வோர் ஆண்டும் புளோரிடா வந்து தங்கும் முதியவர்களை நினைத்து எழுதப்பட்ட விதி என்று படித்தவுடனேயே தெரியும். ஓர் ஆண்டில் தொடர்ந்து 31 நாள்களாவது புளோரிடாவில் தங்க வேண்டும். அங்கே தற்காலிக வீடு ஒன்று இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது சொந்த மாநிலத்துக்குத் திரும்ப வேண்டும். வாக்காளர் பதிவோ வருமான வரியோ வேறு மாநிலத்தில் இருக்க வேண்டும். வீட்டுப் பத்திரம், அடமானச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் போன்ற முகவரிச் சான்றுகள் இரண்டைக் காட்ட வேண்டும். இவை இருந்தால் அவர் புளோரிடாவில் தகுதி பெற்ற மருத்துவரை நேரில் பார்த்து, அந்த மருத்துவர் அவர் பெயரை மாநிலப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு, 75 டாலர் கட்டி அட்டை பெறலாம். வெளிமாநிலத்தவர் புதிதாக ஒரு பரிந்துரையையே பெறும் வழி என்ற முறையில் இதுதான் மிகத் தெளிவாக எழுதப்பட்ட ஒன்று. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு டிஸ்னி உலகம் பார்க்க வருகிறவருக்கு இதில் இடமில்லை. நியூயார்க்கின் சட்டம் இன்னொரு வாசலைத் திறக்கிறது: மாநிலத்தில் குடியிருப்பவரோடு, அங்கே சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. மன்ஹாட்டன் மருத்துவமனையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற வேறு மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருப்பவரை மனத்தில் வைத்தால் இந்த விதியின் நோக்கம் புரியும்.

சட்டத்தின் ஒரு வரி எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு நியூ மெக்ஸிகோ நல்ல எடுத்துக்காட்டு. 2019-இல் அதன் சட்டமன்றம் மருத்துவக் கஞ்சாச் சட்டத்தைத் திருத்தியபோது, தகுதியுள்ள நோயாளி என்பதற்கான வரையறையில் 'நியூ மெக்ஸிகோவில் குடியிருப்பவர்' என்று இருந்த இடத்தில் 'நபர்' என்று மட்டும் வந்துவிட்டது. வெளிமாநிலத்தவர் சிலர் அட்டை கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். சான்டா ஃபே நீதிபதி அவர்களுக்கு ஆதரவாக ஆணையிட்டார். டெக்ஸாஸிலிருந்து எல்லை தாண்டி வந்து அட்டை பெறுவது அப்போது சட்டபூர்வமாகிவிட்டது. ஆனால் ஆளுநர் மிஷெல் லுஹான் கிரிஷமின் அரசு அதை விரும்பவில்லை. 2020 தொடக்கத்தில் சட்டமன்றம் குடியிருப்பு நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. பின்னர் வெளிமாநில அட்டைகளை ஏற்கும் முறையும், 2022 ஏப்ரலில் 21 வயதினருக்கான பொது விற்பனையும் வந்ததால் அந்தச் சர்ச்சையின் சூடு தணிந்தது. இந்தத் துறையில் ஈராண்டுக்கு முந்தைய வழிகாட்டிக் குறிப்பை நம்பிப் பயணம் கிளம்பக் கூடாது என்று சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தலைநகர் வாஷிங்டன் விந்தையான ஓர் இடம். 2014 நவம்பரில் அதன் வாக்காளர்கள் 71-ஆம் முன்முயற்சியை ஏற்று, வயது வந்தோர் இரண்டு அவுன்ஸ் வரை வைத்திருக்க அனுமதித்தார்கள். ஆனால் தலைநகரின் நிதி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கையில் இருப்பதால், கடைகளுக்கு உரிமம் தரும் ஏற்பாட்டைக் காங்கிரஸ் நிதி மசோதாவில் ஒரு நிபந்தனை சேர்த்து முடக்கிவிட்டது. வைத்திருக்கலாம், வாங்க முடியாது என்ற நிலை. சட்டப்படி விற்க எஞ்சியிருந்த ஒரே வழி மருத்துவத் திட்டம்தான். எனவே 2022-இல் நகர அவை, 21 வயது நிறைந்தவர்கள் தங்களுக்கு மருத்துவத் தேவை இருப்பதாகத் தாங்களே சான்றளித்துப் பதிவு செய்யலாம் என்று ஆக்கியது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் குறுகிய காலப் பதிவு கிடைத்தது. மருத்துவரே இல்லாத மருத்துவப் பரிந்துரை என்று இதைக் கேலி செய்யலாம். காங்கிரஸ் போட்ட முடிச்சை நகரம் தன் கைக்கு எட்டிய வழியில் அவிழ்த்தது என்று நான் பார்க்கிறேன்.

மருத்துவரிடம் போகும் நிலை வந்தால், அந்தச் சந்திப்பை வெறும் சடங்காக நினைக்கக் கூடாது. நோய் கண்டறியப்பட்டதற்கான பதிவுகள், இதுவரை எடுத்த மருந்துகளின் விவரம், இப்போது எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோக வேண்டும். தேசிய அறிவியல் கழகங்கள் 2017-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, பெரியவர்களின் நாள்பட்ட வலி, புற்றுநோய் மருந்தால் வரும் குமட்டல், பல்திசு இறுக்க (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்குத்தான் வலுவான சான்று இருப்பதாகச் சொன்னது. மாநிலங்களின் தகுதி நோய்ப் பட்டியல்களோ அதைவிட மிக நீளமானவை. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள், மனச்சிதைவு வரலாறு உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காணொளி வழியாகப் பார்க்கும் மருத்துவர் என்றால், அழைப்பின்போது நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். எல்லா மாநிலங்களிலும் செல்லும் அட்டை என்று இணையத்தில் விளம்பரம் செய்கிறவர்களிடம் பணம் கட்ட வேண்டாம். அப்படி ஓர் அட்டை உலகத்தில் இல்லை. மருத்துவர் கட்டணமோ பொருளின் விலையோ காப்பீட்டில் வராது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், அதாவது எச்-1பி விசாவிலும் மாணவர் விசாவிலும் பச்சை அட்டையிலும் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர், இதுவரை சொன்ன அனைத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு விஷயத்தை முதலில் கவனிக்க வேண்டும். குடிவரவு என்பது மத்தியச் சட்டத்தின் ஆட்சிக்குட்பட்டது. அங்கே மாநில அட்டைக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கஞ்சா தொடர்பான செயல் மாநிலச் சட்டப்படி குற்றமாகாவிட்டாலும், குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதியை அது கெடுக்கலாம் என்று குடியுரிமை, குடிவரவுச் சேவைகள் துறை 2019 ஏப்ரல் 19 அன்று எழுத்து மூலமாகவே அறிவித்தது. நீதிமன்றத் தண்டனை இல்லாமல், அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலமே நாட்டுக்குள் நுழையத் தகுதியற்றவராக ஆக்கிவிடக்கூடும். மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கலந்துபேசுவதற்குச் செலவாகும் தொகை, அட்டைக்குச் செலவாகும் தொகையைவிடக் கட்டாயம் பயனுள்ளது. துப்பாக்கி வாங்குகிறவர்கள் நிரப்பும் மத்தியப் படிவத்திலும் கஞ்சாப் பயன்பாடு பற்றிய கேள்வி உண்டு. மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை என்ற எச்சரிக்கை அந்தக் கேள்வியோடு சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கிறது.

2014 முதல் காங்கிரஸ் நிறைவேற்றும் நிதிச் சட்டங்களில், மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டங்களைத் தடுக்க மத்திய அரசின் நீதித் துறை பணம் செலவழிக்கக் கூடாது என்ற நிபந்தனை சேர்ந்து வருகிறது. மாநிலத் திட்டத்துக்குள் ஒழுங்காக நடப்பவருக்கு அது ஓரளவு ஆறுதல். எல்லை தாண்டி எடுத்துச் செல்பவருக்கு உதவாது. கஞ்சாவைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்றலாம் என்று நீதித் துறை 2024 மே மாதத்தில் முன்மொழிந்தது. அப்படியொரு பட்டியல் மாற்றம் மட்டுமே, கடையில் வாங்கிய பொட்டலத்தை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதைச் சட்டபூர்வமாக்கிவிடாது. இரண்டு மாநிலங்களிலும் அனுமதி இருந்தாலும், இரண்டின் அட்டைகளும் சட்டைப்பையில் இருந்தாலும் நிலைமை அதுவே.

எனவே தங்கும் நாள்களுக்குத் தேவையானதை மட்டும் வாங்குவதும், திரும்பும் முன் மீதியை அங்கேயே அப்புறப்படுத்துவதும்தான் நடைமுறைக்கு ஏற்ற வழி. விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரிகள் கஞ்சாவைத் தேடுவது தங்கள் வேலையில்லை என்று சொல்கிறார்கள். ஆனால் கண்ணில் பட்டால் காவல்துறைக்குத் தகவல் கொடுப்பார்கள். லாஸ் வேகாஸ் விமான நிலையத்தில், கையில் மீந்திருப்பதைக் கேள்வியின்றிப் போட்டுவிட்டுப் போவதற்கென்றே 2018 முதல் பச்சை நிறப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மற்ற ஊர்களில் அத்தகைய பெட்டி இருக்குமா என்று வாங்கும்போதே கடையில் கேட்டுக்கொள்ளலாம்.